தலைவி கூற்று எங்கே?
(சிறுகதைகளில் உறவும் விரிசலும் – ஒரு சின்ன ஆய்வு)

 

முன்னுரை

வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. ஆனா சிறுகதை எழுதுறவங்க நம்மளை வாசல் தாண்டி உள்ளேயே கூட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. அங்க கணவன் மனைவிக்கு நடுவுல, அப்பா மகளுக்கு நடுவுல விழுற விரிசலைக் காட்டுறாங்க. சினிமாவுல குடும்பம் பிரிஞ்சா அதுக்கு ஒரு வில்லன் இருப்பார். நல்ல சிறுகதையில பெரும்பாலும் வில்லனே இருக்க மாட்டார். எல்லாரும் ஓரளவு நல்லவங்கதான். அப்புறம் ஏன் உறவு உடையுது? இதைத்தான் நாலு கதைகளை வச்சு இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

ஊடல் வேறு, விரிசல் வேறு

ஐந்திணைக்கும் உரிப்பொருள் நாம படிச்சதுதான். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். அன்பு உள்ளவங்க கோபிச்சுக்கிறதுக்கு ஒரு திணையையே ஒதுக்கி வச்சிருக்காங்க நம்ம முன்னோர்கள்! திருக்குறள்லயும் கடைசி மூணு அதிகாரம் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. ஊடல் சாப்பாட்டுல உப்பு மாதிரி, அளவோட இருந்தா ருசி, கூடிப் போனா கெட்டுப் போகும்னு வள்ளுவர் சொல்றார்.

சங்க அகப் பாட்டுல இன்னொரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, செவிலி கூற்றுன்னு குறிப்பு இருக்கும். கூற்று என்றால் சொல்வது, பேசுவது. அதாவது வருத்தப்படுறவங்களுக்கு அவங்க வாயாலேயே பேச ஒரு முறை உண்டு. மனக்குறையை வெளியே சொல்றாங்க, அதனால அது ஊடலாவே இருந்து ஒரு நாள் தீர்ந்தும் போகுது. கூற்று இல்லாம போனா? அதுதான் விரிசல். கீழே உள்ள கதைகள்ல யார் கூற்று இல்லைன்னு தேடிக்கிட்டே வாங்க.

1. விடியுமா? – கு. ப. ராஜகோபாலன்

கு.ப.ரா. (1902–1944) மணிக்கொடி எழுத்தாளர்களில் ஒருவர். இந்தக் கதையில ஒரு தந்தி வருது. சென்னை ஆஸ்பத்திரியில குஞ்சம்மாளோட கணவருக்கு உடம்பு ரொம்ப மோசம். அவளும் தம்பியும் ராத்திரி ரயில்ல கிளம்புறாங்க. கதை முழுக்க அந்த ரயில் பெட்டியும் அந்த ராத்திரியும்தான். அவங்க பேச்சுல இருந்துதான், அவளோட குடும்ப வாழ்க்கை அவ்வளவு சந்தோஷமா இல்லைன்னு நமக்கே தெரியுது. ஆனா அவள் கணவனை வெறுக்கவும் இல்லை. பயப்படுறாள், ஏங்குறாள், நடுவுல மனசு லேசாகி சாதாரணமாகக் கூடப் பேசுறாள். பொழுது விடியும்போது சென்னை வருது. ஆஸ்பத்திரிக்குப் போனா, அவர் இறந்துட்டார்னு தெரியுது.

இங்க கவனிக்க வேண்டியது: இது தம்பி சொல்ற கதை. அக்கா பேசுறது தம்பிகிட்ட. எந்த மனுஷரோட வாழ்ந்தாளோ அவர்கிட்ட இனி எதையும் பேச முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்க ஆள் இல்லை. கதையோட பேரே ஒரு கேள்வியா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

2. சாப விமோசனம் – புதுமைப்பித்தன்

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் (1906–1948) 1943-இல் எழுதிய கதை இது. ராமாயணத்துல அகலிகை கதை எல்லாருக்கும் தெரியும். ராமர் பாதம் பட்டுக் கல் பெண்ணாச்சு, அத்தோட கதை முடிஞ்சதுன்னு நாம நினைப்போம். புதுமைப்பித்தன் அங்கதான் ஆரம்பிக்கிறார். சாபம் போச்சு சரி, மறுநாள்ல இருந்து அவங்க ரெண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துவாங்க?

கோதமர் கெட்டவர் இல்லை. அவளை முழு மனசா ஏத்துக்கிறார். அகலிகைக்கும் அவர்மேல அன்பு இருக்கு. ஆனா யார் என்ன சாதாரணமா பேசினாலும் இதுல குத்தல் இருக்குமோன்னு அவளுக்குப் பயம். தான் பேசினா அவளுக்கு வலிச்சிடுமோன்னு அவருக்குப் பயம். ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வச்ச அக்கறையாலேயே பேச்சு குறைஞ்சு போகுது. இதை வாசிக்கும்போது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. அன்பு இல்லாம மட்டும் இல்லை, அன்பு இருந்துமே வாயடைச்சுப் போகலாம்!

பிறகு வனவாசம் முடிஞ்சு சீதை வந்து, தான் தீக்குளித்ததைச் சொல்றாள். தன்னை மன்னிச்ச ராமரா சீதைகிட்ட அப்படிக் கேட்டார்னு அகலிகைக்குத் தாங்கலை. தனக்கு ஒரு நியாயம், சீதைக்கு ஒரு நியாயமா? கடைசியில அவள் மறுபடியும் கல்லாகிடுறாள். முதல்ல கல்லானது முனிவர் சாபத்தால. ரெண்டாவது தடவை யாரும் சாபம் கொடுக்கலை. கல்லுக்கு ஏது கூற்று?

3. கன்னிமை – கி. ராஜநாராயணன்

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்துக்காரர் கி.ரா. 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021-இல் மறைந்தார். நாலு கதையில நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கதை இதுதான். நம்ம ஊர்லயே நாச்சியாரம்மாக்கள் நிறைய பேர் இருப்பாங்க.

நாச்சியாரம்மா கன்னிப்பெண்ணா இருந்தப்ப கை நிறையக் கொடுக்கிறவள். வேலையாட்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு சந்தோஷப்படுறவள். இதைக் கூடவே வளர்ந்த சகோதரன் சொல்றான். அடுத்த பகுதியைக் கணவன் சொல்றான். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, குடும்பம் பெருகின பிறகு அவள் கணக்குப் பார்க்கிற பொம்பளையா மாறிட்டாள். அந்தப் பழைய நாச்சியாரம்மா எங்கே போனாள்னு கணவன் ஏங்குறான்.

இந்த வீட்டுல பெரிய சண்டை கிடையாது. அடி உதை கிடையாது. ஆனாலும் ஒரு விரிசல். முதல் தடவை படிச்சப்ப எனக்கும் நாச்சியாரம்மா மேல கோபம்தான் வந்தது. ரெண்டாவது தடவை படிச்சப்பதான் ஒண்ணு தெரிஞ்சது. சகோதரன் பேசிட்டான், கணவன் பேசிட்டான், நாச்சியாரம்மா பேசவே இல்லை! அவள் ஏன் மாறினாள்னு அவளைக் கேட்க ஒரு பகுதி அந்தக் கதையில கிடையாது. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாள்? பிறந்த வீட்டுல கொடுக்கிறதுக்கு அப்பா அம்மா சம்பாதிச்சது இருந்தது, இங்க நான் கணக்குப் பார்க்கலேன்னா என் பிள்ளைகளுக்கு நாளைக்கு யார் சோறு போடுறதுன்னு சொல்லியிருக்கலாம். கி.ரா. வேணும்னேதான் அவளைப் பேசவிடாம வச்சிருக்கார்னு நினைக்கிறேன். அந்தக் காலி இடத்தை வாசிக்கிறவங்க நிரப்பணும்.

4. யுகசந்தி – ஜெயகாந்தன்

இது மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. ஜெயகாந்தன் (1934–2015) ஞானபீட விருது பெற்ற எழுத்தாளர். கௌரிப் பாட்டி சின்ன வயசிலேயே விதவை ஆனவங்க. பேத்தி கீதாவும் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே கணவனை இழந்தவள். படிச்சு நெய்வேலியில ஆசிரியை ஆகிறாள். பாட்டிதான் அவளுக்குத் துணை. கூட வேலை பார்க்கிற ஓர் ஆசிரியரை மறுமணம் பண்ணப் போறதா கீதா கடிதம் எழுதுறாள். கடலூர்ல இருக்கிற அப்பா கணேச ஐயருக்கு அது தாங்க முடியலை. மகளே இல்லைன்னு தலை முழுகப் பார்க்கிறார்.

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்தாச்சு. அதுக்கு நூறு வருஷம் கழிச்சும் ஒரு அப்பாவால ஏத்துக்க முடியலை பாருங்க. சட்டம் வந்த உடனே வீடு மாறிடாது.

ஆனா இங்க கீதா மௌனமா இருக்கலை. பயந்தாலும் கடிதம் மூலமா தன் கூற்றைச் சொல்லிட்டாள். அதைவிட முக்கியம், அதைக் கேட்க ஒரு ஆள் இருந்தாங்க. எல்லாரையும் விட ஆசாரமான கௌரிப் பாட்டி! தான் பட்ட கஷ்டம் பேத்திக்கும் வரணுமான்னு யோசிச்சு, மகனை விட்டுட்டுப் பேத்தி கூட இருக்கப் புறப்பட்டுடுறாங்க. அப்பா மகள் விரிசல் ஒட்டலை. ஆனா ஒரு உறவு தப்பிச்சுது. நாலு கதையில ஒரு பெண் கல்லாகாம இருந்தது இதுல மட்டும்தான், ஏன்னா ஒருத்தர் சொன்னாங்க, ஒருத்தர் காது கொடுத்தாங்க.

கதை படிக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இந்தக் கதையை யார் சொல்றாங்க? அவங்களுக்கு எது தெரியும், எது தெரியாது?
2. யாருக்குப் பேச முறை வரவே இல்லை?
3. எந்த இடத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதை வேற பக்கம் திரும்பியிருக்கும்?

இந்த மூணையும் எந்தக் கதைக்கும் கேட்டுப் பாருங்க. பரீட்சையில கதை மாந்தர் பண்பு எழுதுறதுக்கும் உதவும்.

முடிவுரை

இந்தக் கேள்விகள் கதைக்கு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பத்தி நாம பேசும்போது ஒருத்தர் கூற்றைத்தான் கேட்டிருப்போம். உடனே அந்தம்மா சரியில்லைன்னு தீர்ப்பும் சொல்லிடுவோம். நம்ம வயசுப் பொண்ணுங்களோட படிப்பு, கல்யாணம் எல்லாம் பெரியவங்க உட்கார்ந்து பேசும்போதும், அந்தப் பொண்ணு உள்ளே அடுப்படியில இருப்பாள். அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன தோணுதும்மான்னு கேட்க ஒரு கௌரிப் பாட்டி எல்லா வீட்டுலயும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! பாட்டி இல்லாத வீட்டுல அண்ணனோ தம்பியோ கேட்கலாம். அண்ணன் தம்பிகளும் இதை வாசிப்பீங்கன்னுதான் இவ்வளவு எழுதினேன்.

ஊடல் இருக்கட்டும், அது உப்பு. பேச்சு மட்டும் நின்னு போக வேண்டாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நாச்சியாரம்மா பேசினா என்ன சொல்லுவாள்? ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்க. நல்லா இருக்கிறதை அடுத்த இதழ்ல ஒட்டுவோம். பையன்களும் எழுதலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி