எந்தக் குட்டியை முதலில் விற்பது?

நம் பனவடலிசத்திரம் பகுதிக் குழுக்களில் ஆட்டுக்கடன் வாங்கிய உறுப்பினர்கள் நிறைய பேர். தவணை ஒழுங்காகக் கட்டுகிறோம், குட்டியையும் நல்லாத்தான் வளர்க்கிறோம். ஆனால் விற்கிற அன்றைக்கு விலை சொல்வது யார்? வாசலுக்கு வருகிற வியாபாரிதான். "கறி எட்டு கிலோதான் நிக்கும் தாயி" என்று அவர் சொன்னால், இல்லை என்று சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை. அதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

அமெரிக்காவில் கிராமப்புறக் கால்நடைக் கண்காட்சிகளில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். கறிக்கு வளர்த்த நாலு செம்மறிக் குட்டிகளை நிறுத்தி, முதலாவது எது, கடைசி எது என்று வரிசைப்படுத்த வேண்டும். வரிசை மட்டும் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் கால்நடை முகாமில் கன்றுப் பேரணி வைத்து நல்ல கிடேரிக்குப் பரிசு கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. நம் குழுவிலும் நாலு கிடாக்குட்டிகளைக் கட்டி வைத்து இதைச் செய்து பார்த்தோம்.

கண்ணால் பார்த்தபோது எல்லோரும் கை காட்டியது வயிறு புடைத்த குட்டியை. பிறகு தொட்டுப் பார்க்கச் சொன்னோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், முதுகில் கையை வைத்து அமுக்குங்கள். எலும்பு சீப்புப் பல் மாதிரி குத்தினால் சதை இல்லை. எலும்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்து, இரண்டு பக்கமும் சதை திரண்டிருந்தால் விற்பனைக்குத் தயார். எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு ஏறிவிட்டது, இனிமேல் போடுகிற தீனி நஷ்டம்தான். அடுத்து பின்னந்தொடையைப் பிடித்துப் பாருங்கள், கறி அங்கேதான் கூடுதல். வயிற்றை நம்பாதீர்கள். உப்பைக் கொடுத்துத் தண்ணி காட்டினால் எந்த வயிறும் புடைக்கும், வியாபாரிக்கு இது தெரியாதா!

அந்தக் குட்டிக்கு முதுகு குத்தியது. கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. குடற்புழு ரத்தத்தை உறிஞ்சினால் இப்படித்தான் ஆகும். அதற்கு நாலாவது இடம். யாரும் கவனிக்காத குட்டையான குட்டி முதலிடத்துக்கு வந்தது. முதுகும் தொடையும் கெட்டி, வாயில் பால்பல் மட்டுமே இருந்தது. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்துவிட்டால் ஒரு வயது தாண்டியது என்று அர்த்தம். எடை ஒன்றாக இருந்தால் பால்பல் குட்டிதான் முந்தும். இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குப் பெரிய வாக்குவாதம். ஒன்று நீளம், இன்னொன்று தொடைக்கட்டு. கடைசிவரை ஒத்துவரவில்லை. காரணம் சொல்லி வாதாடினார்களே, அதுவே எங்களுக்குச் சந்தோஷம்.

இனி எடை. தராசு இல்லாவிட்டாலும் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து வால் பக்கத்துப் பிட்ட எலும்பு வரை எத்தனை அங்குலம் என்று அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் சுமார் 24½ கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி நிற்கும். அப்படியானால் இந்தக் குட்டிக்கு 11 கிலோ. தலை, கால், குடல் தனி. எட்டு கிலோ என்பவரிடம் டேப்பை நீட்டுங்கள்.

முதலிடக் குட்டியை இப்போதே விற்கலாம். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் தீபாவளி, பக்ரீத் வாரங்களில் நல்ல கிராக்கி. நாலாவது குட்டியை இப்போது விற்றால் அடிமாட்டு விலைதான். கால்நடை மருந்தகத்தில் காட்டி, புழு மருந்து கொடுத்து, இரண்டு மாதம் தேற்றுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாளைக்குக் கறிக்கு ஆகாது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனசுக்கு உறுத்தல். நல்ல கிடாவை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விலை போகாத நோஞ்சானைப் பொலிகிடாவாக வைத்துக்கொள்கிறோம். பிறகு குட்டி எப்படித் தேறும்? வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகள் நம்ம வறண்ட பூமிக்குப் பழகியவை. அதில் முதலிடக் கிடா ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து நிறுத்தலாமா என்று பேசுங்கள். சொந்தக்காரருக்குச் சந்தை விலையைப் பொது நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு குட்டியின் சுற்றளவும் நீளமும் எழுதிக்கொண்டு வாருங்கள்.