ஒரே ஆள், ஒரு பஸ் சனம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்திருக்கிற நேரத்தில், அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் நடிப்புப் பயிற்சி நிலையம் ஒன்றில் சேரப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொம்மா அழுகிறா, கொப்பா முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லை, மாமா நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோ என்றும் கேட்டிருக்கிறாய். நடிக்க வேண்டுமென்ற ஆசை நல்ல ஆசை. அதைக் கைவிடு என்று நான் சொல்லமாட்டேன். எங்கே தொடங்குவது என்பதில்தான் எனக்கு உன்னோடு வழக்கு.

உனக்குக் கே. எஸ். பாலச்சந்திரனைத் தெரியுமோ தெரியாது. எங்கள் கரவெட்டிக்காரர். 1944இல் பிறந்தவர், 2014 பெப்ரவரியில் கனடாவில் காலமானார். மேடை, வானொலி, தொலைக்காட்சி, சினிமா எல்லாவற்றிலும் நடித்தவர், நாவலும் எழுதியவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் எங்கள் வயதுக்காரர் வாயில் முதலில் வருவது 'அண்ணை றைற்' தான். அது ஒரு தனிநடிப்பு. மேடையில் பஸ் இல்லை, சீற் இல்லை, கூட நடிக்க ஒரு ஆளும் இல்லை. கொண்டக்டரும் அவரே, அவரோடு மல்லுக்கட்டுகிற பயணிகளும் அவரே. பார்த்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு ஒரு முழு பஸ்ஸே கண்ணுக்கு முன்னால் தெரியும்.

அதை ஒலிநாடாவில் கேட்டவர்களும் மேடையில் பார்த்தவர்களைப் போலவே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை நீ யோசிக்க வேண்டும், பிள்ளை. முகம் தெரியவில்லை, கை கால் அசைவு தெரியவில்லை. வெறும் குரலிலேயே ஆட்களைப் பிரித்து அறிய முடிந்தது. அந்தக் கொண்டக்டரோடு அன்று காலையில்தான் தாங்கள் பயணம் செய்தது போலச் சனத்துக்குப் பட்டது. அவர் பகிடி விட்டதால் சிரித்ததைவிட, தங்களையும் தங்கள் பக்கத்து வீட்டாரையும் அடையாளம் கண்டு சிரித்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். குரலை மாற்றுவது பலருக்கும் கைவரும். ஒரு மனிதர் எதற்காக அந்த நேரத்தில் அந்தத் தொனியில் கதைக்கிறார் என்று பிடிப்பது கடினம். பாலச்சந்திரன் அதைப் பிடித்தார். வருடக்கணக்காக ஊர்ச்சனத்தைக் காது கொடுத்துக் கேட்டிராத ஒருவரால் அது முடியாது.

நீயும் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எத்தனையோ தரம் பஸ்ஸில் போய்வந்திருக்கிறாய். காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டுதான் போயிருப்பாய். இனி அதைக் கழற்றிவிட்டுப் போ. வல்லை வெளி வந்ததும் இரண்டு பக்கமும் காற்று அடிக்கும். அதுவரை குசுகுசுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் குரலை உயர்த்துவார்கள், வீட்டுச் சங்கதி பஸ் முழுக்கக் கேட்கும். முனியப்பர் கோயிலடியில் வாகனம் நின்று உண்டியலில் காசு விழும்போது கதை ஒரு கணம் அறுந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். யார் முதலில் தொடங்குகிறார், யார் விட்டுக்கொடுக்கிறார், மிச்சக் காசு வராதவர் எத்தனை தரம் கேட்கிறார், மூன்றாம் தரம் கேட்கும்போது குரல் எப்படி மாறுகிறது என்று கவனி. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்து பார். இதைச் சென்னையில் எவரும் உனக்குச் சொல்லித்தர முடியாது.

இன்னொன்றையும் பார். பாலச்சந்திரன் சினிமாவுக்காகக் காத்திருக்கவில்லை. வானொலி இருந்தது, அதில் நடித்தார். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரில் அவர் நடித்த காலத்தில், அது ஒலிபரப்பாகும் நேரம் வந்தால் வீடுகளில் வேலை நின்றுவிடும். 'கிராமத்துக் கனவுகள்' என்ற வானொலி நாடகத்தைத் தானே எழுதினார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கியபோது, அந்த 1978ஆம் ஆண்டுப் படத்தில் நடித்தார். அந்நாட்களில் வானொலியிலிருந்து சினிமாவுக்குப் போவது எங்களுக்கு ஒரு வழமையான பாதை. 1976இல் வந்த 'கோமாளிகள்' படமே எஸ். ராமதாஸின் வானொலித் தொடரிலிருந்து பிறந்ததுதான்.

அந்தப் பாதை அதிக காலம் நிலைக்கவில்லை. சென்னைப் படங்களோடு போட்டி போட்டு எங்கள் படங்கள் களைத்துப்போயிருந்தன. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் போயின. அந்த நெருப்பைப் பற்றி நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை. சினிமாவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பாலச்சந்திரனுக்கு அவர் குரலும் அந்த ஒற்றை பஸ்ஸும் மிஞ்சின. கனடாவிலும் மேடையேறினார், லெனின் எம். சிவத்தின் '1999' போன்ற புலம்பெயர்ந்தோர் படங்களிலும் நடித்தார். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற அவருடைய நாவலும் எங்கள் கடற்கரை மனிதரைப் பற்றியதே.

ஊர்ப் பேச்சு ஊருக்குள்தானே செல்லுபடியாகும், வெளியே யார் மதிப்பார் என்று உனக்குத் தோன்றலாம். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் நாயகனாக நடித்தார். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது அந்தப் படம். அவர் அதில் கதைத்தது எங்கள் தமிழ். 2000ஆம் ஆண்டில் 'தெனாலி'க்காகக் கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பழகியபோது, சொல்லிக்கொடுக்க எங்கள் பி. எச். அப்துல் ஹமீத் வேண்டியிருந்தது. நீ சென்னைக்குப் போய் முதலில் செய்யப்போவது என்ன? உன் பேச்சைத் திருத்தி, அவர்களைப் போலக் கதைக்கப் பழகுவாய். அங்கே அப்படிக் கதைக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உன்னிடம் இருப்பது அவர்களிடம் இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போ. யாழ்ப்பாணத்திலேயே நாடகமும் அரங்கியலும் படிக்கலாம். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் உருவாக்கி விட்டுப்போன அரங்கு இது. 1985இல் மேடைக்கு வந்த அவருடைய 'மண் சுமந்த மேனியர்' பிரதியைத் தேடிப் படி. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் பற்றியும் விசாரி. அவருடைய 'மயான காண்டம்' மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பார்கள். ஒரே அரிச்சந்திரன், ஒரே சுடலை, கதையை மனப்பாடமாகத் தெரிந்த அதே சனம். ஆனாலும் விடிய விடிய இருந்து பார்த்தார்கள். இரண்டு தரம் ஒத்திகை பார்த்ததும் அலுத்துப்போகிறது என்று நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தில் உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

உழைப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். நடிப்பால் மட்டும் அடுப்பெரித்த ஈழத்து நடிகர்கள் மிகக் குறைவு. பகலில் உத்தியோகம், பின்னேரம் ஒத்திகை என்றுதான் பலரும் வாழ்ந்தார்கள். கொம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தொழில் கையில் இருந்தால், பிடிக்காத பாத்திரத்துக்கு 'மாட்டேன்' என்று சொல்ல உனக்குத் துணிவு வரும். பெண்பிள்ளைக்கு இந்தத் துறையில் அந்தத் துணிவு கட்டாயம் வேண்டும்.

ஒரு காலத்தில் எங்கள் மேடையில் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியாக வந்ததும் ஆண்தான். நீ வருகிற காலம் வேறு. ஆனாலும் பெண்களின் கதையைப் பெண் ஒருத்தி தனியே நின்று, ஒரு மேடை நிறையச் சொல்லிப் பார்க்க எனக்குத் தீராத ஆசை. நுண்கடன் தவணை கட்டக் காத்திருக்கிறவள், வெளிநாட்டிலிருக்கிற மகனோடு போனில் கதைக்கிறவள், அதே பஸ்ஸில் இடம் கேட்கிற ஆச்சி, எல்லாரும் உன் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சென்னை எங்கேயும் போய்விடாது. பட்டம் முடித்த பிறகும் போகலாம், அப்போது பயணச் செலவுக்கு நானும் தருவேன். இப்போது உங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டுவிழாக்காரரிடம் போய்ப் பத்து நிமிடம் கேள். இந்த மூன்று பெண்களில் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து எழுது, நடி. நாளைக் குறித்து எனக்கு அறிவி; முன்வரிசையில் வந்து இருக்கிறேன். கொம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா