கல்லீரல் கொழுப்பும் தீராத அசதியும்

வயது வந்தவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை கொண்டது. சாப்பிட்ட சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலந்ததும், அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக மாற்றி, சுமார் 100 கிராம் அளவுக்குச் சேமித்து வைப்பது இந்த உறுப்புதான். இரவு தூங்கும்போதும் இரண்டு வேளை உணவுக்கு நடுவிலும் உடம்புக்குத் தெம்பு தருவது இந்தச் சேமிப்பு. அது நிரம்பிய பிறகும் மாவுச்சத்தும் சர்க்கரையும் வந்துகொண்டே இருந்தால், மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போனால் அதைக் கொழுப்புக் கல்லீரல், பேச்சு வழக்கில் ‘ஃபேட்டி லிவர்’, என்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு இது தெரியவருவது வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில்தான். ‘கிரேடு 1’ என்று அறிக்கை வந்ததும் மருந்துக் கடைக்குப் போய் ஒரு லிவர் டானிக் வாங்குவது வழக்கமாகிவிட்டது. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஸ்கேன் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவை மட்டுமே காட்டும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைக் காட்டாது. எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு சரியாக இருப்பவர்களுக்கும் தழும்பு இருக்கலாம். அதை அறிய ஃபைப்ரோஸ்கேன் போன்ற சோதனை தேவைப்படும்.

இரண்டாவது தவறு, எல்லா அசதியையும் கல்லீரல் மேல் போடுவது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அசதி இருப்பது உண்மைதான். ஆனால் அதே ஆளுக்கு ரத்தசோகையோ, தைராய்டு குறைவோ, பி12 பற்றாக்குறையோ, கட்டுக்குள் வராத சர்க்கரையோ இருக்கலாம். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது நன்கு அறியப்பட்ட விஷயம். பலமாதச் சோர்வுக்கு டானிக் மாற்றி டானிக் குடித்தவர், கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் காரணம் பிடிபட்டுத் தேறுவது அடிக்கடி நடக்கிறது. பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு.

உணவில் மாற்ற வேண்டியது என்று வந்தால், எண்ணெயைக் குறைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. கொழுப்பு என்ற பெயரால் வரும் குழப்பம் இது. நம் சாப்பாட்டில் கல்லீரலுக்குச் சுமையாக இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் வெள்ளை அரிசியின் அளவும்தான். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது பெருமளவு கல்லீரலிலேயே கையாளப்பட்டு எளிதில் கொழுப்பாகிறது. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு நான்கு என்றால், அதிலேயே 35 முதல் 40 கிராம் சர்க்கரை போய்விடும். இதோடு பிஸ்கட்டும், ‘உடம்புக்கு நல்லது’ என்று குடிக்கும் பழச்சாறும் சேரும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுவது வேறு, நான்கு ஆரஞ்சைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பது வேறு.

அரிசியை அடியோடு நிறுத்தியவர்களில் பலர் சில வாரங்களில் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். தட்டின் பங்கை மாற்றியவர்கள்தான் நிலைக்கிறார்கள். பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை; கால் தட்டு பருப்பு, சுண்டல், மீன் அல்லது முட்டை; மீதிக் காலில் சோறு. சாம்பார் ஊற்றிப் பிசைவதற்கு முன்பே பொரியலைச் சாப்பிடத் தொடங்கினால் இரண்டாம் முறை சோறு கேட்பது தானாகக் குறையும். கேழ்வரகும் கம்பும் நல்லவை. ஆனால் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ‘சிறுதானியம்’ என்று நிம்மதி அடைவதில் பயனில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் கிறக்கம் இப்படித் தட்டை மாற்றியவர்களுக்குக் குறைகிறது. தெம்பு கூடியதை அவர்கள் முதலில் உணர்வது அந்த மூன்று மணி வேளையில்தான்.

எடை குறைவதே இந்த நோய்க்கு வலுவான மருந்து. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோதான். பட்டினி கிடந்து மளமளவென்று இளைப்பது கல்லீரலுக்குக் கெடுதல். வாரத்துக்கு அரை கிலோ போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் 90, பெண்கள் 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஒல்லியாகத் தெரிந்தாலும் தொப்பை மட்டும் போட்டவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறார்கள்.

காபி கெடுதல் என்று நிறுத்தச் சொல்வார்கள். ஆய்வுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன: நாளைக்கு இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்க நோய் குறைவாகவே காணப்படுகிறது. சர்க்கரை போடாத காபிக்குத்தான் இந்தப் பேச்சு. முட்டை மஞ்சள்கருவையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. அதிலுள்ள கோலின் என்ற சத்து போதாமல் போனால் கல்லீரலில் கொழுப்பு தங்கும்.

அடுத்தது மாத்திரைகளும் பொடிகளும். வைட்டமின் ஈ-க்கு ஓரளவு சான்று உண்டு. 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நீரிழிவு இல்லாத, கல்லீரல் வீக்கம் உறுதி செய்யப்பட்டவர்களுக்குத் தினம் 800 யூனிட் வீதம் 96 வாரம் கொடுத்ததில் பலன் கிடைத்தது. ஆனால் 400 யூனிட் வீதம் பல ஆண்டுகள் சாப்பிட்ட ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாத மாத்திரை அது. சிலிமரின் என்ற மூலிகைச் சாறு விற்பனையில் முன்னணியில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்ற நம்பிக்கைதான் அதிகம் சேதம் செய்கிறது. குழம்பில் போடும் மஞ்சள் ஒரு பொருள்; குர்குமினோடு மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரை வேறு பொருள். பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது பல மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் அறிக்கைகள் உள்ளன. கிரீன் டீ குடிப்பதில் ஆபத்தில்லை; அதன் சாற்றைச் செறிவாக்கிய மாத்திரையில் உண்டு. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதன் முக்கிய வேதிப்பொருளை உட்கொண்டால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரை 2020இன் பிற்பகுதியில் மும்பை மருத்துவர்கள் கண்டார்கள்.

காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்ததில் 59 சதவீதம் பேரிடம் கிருமி மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. மழைக்காலத்தில் பரவும் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ, ஈ வகை. அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். பேர் மட்டும் மூலிகைக்குப் போகிறது. கீழாநெல்லியைவிட அதோடு சேர்ந்த பத்தியம்தான் கவலை தருவது: வெறும் கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்து, பசியற்ற உடம்பை மேலும் வாட்டுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிராபத்தானது. காமாலை என்றதும் அவர்களை நாட்டு மருந்துக்குக் கூட்டிப் போவது பெருந்தவறு.

கல்லீரல் சுருங்கிவிட்டவர்களின் கணக்கு வேறு. சேமிப்பு குறைவதால் ஓர் இரவுப் பட்டினியே அவர்கள் உடம்புக்கு, நலமாக இருப்பவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். தசை கரைகிறது, அசதி மிகுகிறது. படுக்குமுன் பாலும் ரொட்டியுமோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுப்பதும், தினம் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் சேர்ப்பதும் இப்போதைய வழிமுறை. கல்லீரல் கெட்டால் புரதத்தை நிறுத்த வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். மதுவுக்கோ, கல்லீரல் சுருங்கியபின் ஒரு துளிக்கும் இடமில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் உள்ள சத்து மாத்திரை, லேகியம், பொடி, டானிக் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று அவர் கேட்டால், அந்தப் பையை மேசை மேல் வையுங்கள்.