இரண்டெழுத்துப் பெயர் எத்தனை பேருக்கு?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு நூலகப் பாடவேளையில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை வாசித்தோம். நான் அறிவியல் ஆசிரியை. கதை வாசிப்பு தமிழ் ஐயாவின் களம். இருந்தும் இந்த நூலை நான் எடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர். சுங்குவார்சத்திரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலை. பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கார் ஆலையிலோ கைப்பேசி ஆலையிலோ ஷிப்டு பார்க்கிறார். ரோபோ இவர்களுக்குச் சினிமாவில் மட்டும் வருவதல்ல. அப்பா சாப்பிடும்போது திட்டுகிற ஒன்று.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல் இது. 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறார். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். சுஜாதா எதிர்காலமாக எழுதிய ஆண்டுகளை எங்கள் மாணவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்க இதைவிட நல்ல நூல் கிடைக்காது.

வாசிக்கும்போது “இது எப்படி?” என்று தோன்றும் இடத்தின் பக்க எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னேன். வகுப்பில் இதற்கு ‘ஓட்டை’ என்று பெயர் வந்துவிட்டது. “கதையை இப்படி அறுத்துப் பார்த்தால் பிள்ளைகள் அடுத்த கதையைத் தொடுவார்களா டீச்சர்?” என்று தமிழ் ஐயா கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவன் கணக்கில் கெட்டிக்காரன். தமிழ் எழுத்துகள் 247. எந்த எழுத்தோடு எந்த எழுத்தைச் சேர்த்தாலும் இரண்டெழுத்துப் பெயர்கள் 247 × 247 = 61,009தான். நாட்டில் 140 கோடிப் பேர் என்று வைத்தால் ஒரு பெயருக்கு ஏறத்தாழ 23,000 பேர்! “ஜீனோவில் வரும் ஜீ 247-இல் இல்லையே” என்று ஒருத்தி மடக்கினாள். சரி, கிரந்த எழுத்துகளையும் சேர்த்தோம். அப்போதும் பெயர்கள் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. மெய்யெழுத்தில் தொடங்கும் பெயர்களையும் வாயில் நுழையாதவற்றையும் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறைவு. கரும்பலகையில் ‘ஓட்டை 1’ என்று எழுதினோம்.

அடுத்தது பெரிய ஓட்டை. நாவலை இனிமேல்தான் வாசிக்கப் போகிறவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். மக்கள் காணும் ஜீவா ஓர் ஆளே அல்ல, ஹோலோகிராம் என்னும் ஒளிப்படிமம். இங்கே நான் பாடம் நடத்தியே ஆக வேண்டியிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, டார்ச்சை அடித்து, “கற்றை எங்கே?” என்று கேட்டேன். சுவரில் வட்டம் மட்டும் தெரிந்தது. ஊதுபத்திப் புகையைக் குறுக்கே விட்டதும் கற்றை தெரிந்தது. ஒளி நம் கண்ணுக்கு வர வேண்டுமானால் அதைத் திருப்பி அனுப்ப ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். வெறும் காற்றில் ஒளியை நிறுத்தி மனித உருவம் செய்ய முடியாது.

ஹோலோகிராம் பொய்யல்ல. 1947-இல் டென்னிஸ் காபர் அதன் கோட்பாட்டைக் கண்டார். 1960-இல் லேசர் வந்த பிறகே அது நன்றாகக் கைகூடியது. 1971-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் படிமத்தைப் பார்க்க, பதிவு செய்த தகட்டை நோக்கித்தான் நம் பார்வை போக வேண்டும். தகட்டின் விளிம்பைத் தாண்டினால் உருவம் வெட்டுப்பட்டுவிடும். நாலாபுறமும் கூட்டம் நிற்கும் திறந்த மேடையில் ஜீவா நடக்க வழியில்லை.

“அப்போ மேடையில தலைவர் உருவம் வந்து பேசுச்சே மிஸ்?” என்றான் கடைசி வரிசைக்காரன். 2012 குஜராத் சட்டமன்றத் தேர்தலிலும் 2014 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஒரே உரை பல ஊர் மேடைகளில் ஒரே நேரத்தில் உருவத்தோடு தோன்றியதைச் சொல்கிறான். அது ஹோலோகிராம் அல்ல. பார்வையாளருக்கும் மேடைக்கும் இடையே சாய்த்து நிறுத்திய மெல்லிய ஒளிபுகும் படலத்தில் விழும் பிரதிபலிப்பு. 1862-இல் லண்டன் நாடக மேடையில் பேய் காட்டப் பயன்படுத்திய அதே தந்திரம். இரவு ஷிப்டு பஸ்ஸின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பஸ்ஸின் உள்விளக்கு வெளியே ஏரிக்கரையில் எரிவதுபோல் தெரியுமே, அதுதான் இது. வகுப்பில் செய்து காட்ட ஒரு கண்ணாடித் தகடு போதும். அதன் முன்னே எரியும் மெழுகுவத்தி. பின்னே அதே தூரத்தில், தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளருக்குள் எரியாத மெழுகுவத்தி. முன்னால் இருக்கும் சுடரைப் புத்தகத்தால் மறைத்துவிட்டுப் பார்த்தால் தண்ணீருக்குள் தீ எரியும். சமதள ஆடியில் பொருளின் தூரமும் பிம்பத்தின் தூரமும் சமம் என்பதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அன்றுதான் பிள்ளைகள் அளவுகோலை எடுத்துக்கொண்டு தாங்களாகவே எழுந்து வந்தார்கள். ஆக, சுஜாதா சொன்ன கருவி தவறு. தலைவர் வராமலே வந்ததாகக் கூட்டத்தை நம்பவைக்கலாம் என்ற ஊகம் தவறவில்லை.

ஜீனோவில்தான் நான் தோற்றேன். நாய் பேசுவதையும் புத்தகம் வாசிப்பதையும் ஓட்டை என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். யாரும் எழுதவில்லை. இவர்கள் கையில் இருக்கும் கைப்பேசியே பேசுகிறது, பாட்டுத் தேடித் தருகிறது. இவர்கள் நம்ப மறுத்தது ஜீனோ நடப்பதை! “எங்கப்பா வெல்டிங் லைன்ல இருக்காரு. அங்க ரோபோ தரையில போல்ட் போட்டு நிக்கும், சுத்தி வேலி. கதவத் திறந்தா நின்னுடும். பக்கத்துல ஆள் நிக்கிறது அதுக்குத் தெரியாதாம்” என்றான் ஒருவன். “கரண்டு எங்கேர்ந்து வருது மிஸ்?” என்றாள் இன்னொருத்தி. போஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் நாலுகால் ரோபோ ‘ஸ்பாட்’ பற்றிச் சொன்னேன். எடை 32 கிலோவுக்கு மேல். ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 90 நிமிடம் ஓடும். 1980-களில் வாசித்தவர்களுக்கு எது எளிது, எது கடினம் என்று தோன்றியதோ அது இன்று தலைகீழ். நாவலை எழுதியவர் பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். பேட்டரியின் பாரம் அவருக்குத் தெரியாதா என்ன? கதை ஓட வேண்டுமே என்று விட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

ஆகவே ஓட்டைகளைத் தரம்பிரித்தோம்: கதை தன் விதியையே மீறும் இடம், இயற்பியல் அனுமதிக்காத இடம், எழுதிய காலத்தில் தெரிந்திராத இடம். மூன்றாவதில் மக்கள்தொகையைச் சேர்த்தோம். 1980-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகளுக்கு மேல் என்பது இந்திய நிலை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 2.0, தமிழ்நாட்டில் 1.8. எந்த ஜீவாவின் அனுமதிச் சீட்டும் இல்லாமலே இவ்வளவு குறைந்தது. ஏன் குறைந்தது என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிட்டேன்.

கடைசி வாரம் பட்டியலைப் படியெடுக்கும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், ஓட்டை ஒண்ணை அடிச்சிடலாம்.”

“ஏன்ம்மா? கணக்கு சரியாத்தானே இருக்கு?”

“இருபத்து மூவாயிரம் பேருக்கு ஒரே பேருன்னா, அரசாங்கத்துக்கு அந்தப் பேரு தேவையே இல்ல மிஸ். நம்பர் வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். பேரு சும்மா, கூப்பிடறதுக்கு. எங்கம்மா கம்பெனியிலயும் லீவுன்னாலும் சம்பளம்னாலும் நம்பரைத்தான் கேப்பாங்களாம். ஒருநாள் வீட்டுக்குப் போன்ல நீங்க யாருன்னு கேட்டதுக்கு அம்மா நம்பரைச் சொல்லிட்டாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம்.” சற்று நிறுத்தி, “அம்மா சிரிக்கல” என்றாள்.

வகுப்பில் சத்தமில்லை. அவளே முன்னால் வந்து ‘ஓட்டை 1’ என்பதன் மேல் கோடு போட்டாள். அதன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று பேசினோம். நாங்கள் பிரித்த மூன்று தரத்திலும் அது அடங்கவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பை எழுதாமல் விட்டோம்.

தமிழ் ஐயாவின் கேள்விக்கு நூலகப் பதிவேட்டைக் காட்டினேன். ‘மீண்டும் ஜீனோ’ எங்கள் பள்ளியில் ஒரே பிரதி. பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டாவதாகத் தன் பெயரை அவர் எழுதிக்கொண்டார்.