புண்ணில் வளரும் புழு

கன்றின் தொப்புளில் புழு கண்டால் "புண் அழுகிவிட்டது" என்கிறோம். ஆனால் எல்லாப் புழுவும் அழுகலைத் தேடி வருவதில்லை. உயிருள்ள சதையையே தின்னும் புழு ஒன்று இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. உடலைச் சுற்றி முள்வரிசைகள் இருப்பதால் திருகாணி போலத் தெரியும், திருகுப்புழு என்பர். அதன் தாய் நீலப்பச்சை நிற இலையான்.

வட அமெரிக்கக் காட்டெலிகளின் தோலுக்கடியில் வளரும் வேறொரு இலையான் புழுவும் உண்டு. ஓரிரண்டு புழு வளர்ந்து விழுந்தபின் எலி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நமது இலையான் அவ்வளவு இரக்கமுள்ளதல்ல. உண்ணி கடித்த இடம், கயிறு அறுத்த கழுத்து, காயடித்த புண் என எங்கும் ஒரே தடவையில் 100 முதல் 250 முட்டை வரை இடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, மூச்சுவிட வாலை வெளியே வைத்திருக்கும். மேலே சிறு துளை, உள்ளே பெருங்குழி. கவனியாது விட்டால் ஆடு செத்துவிடும்.

ஐந்து முதல் ஏழு நாளில் புழு தானாகவே நிலத்தில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். வெப்பமான இடத்தில் ஒரு வாரமளவில் இலையானாகி வெளிவரும். கடுகண்ணாவைக் குளிரில் சற்றுத் தாமதமாகும். ஆகவே பிடுங்கிய புழுவை முற்றத்தில் வீசாதீர்கள். கொதிநீரில் போடுங்கள், அல்லது எரியுங்கள்.

வன்னியில் மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டுப் பழகிய நமக்கு, புண் கண்ணில் படவே பல நாளாகும். இங்கே கொட்டிலில் நிற்பது ஓரிரண்டு ஆடுதான். புல் போடும்போதே தடவிப் பார்த்துவிடலாம். மரக்கறிக்கு அடிக்கும் மருந்தைப் புண்ணில் ஊற்றக்கூடாது. அது உடம்பில் ஊறி பாலிலும் சேரும். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலையும் கண்டி வீதியில் அருகிலேயே உள்ளது.

குராசோ என்ற தீவில் 1954இல், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் இலையான்களை விமானத்திலிருந்து விட்டு, அமெரிக்கத் திருகுப்புழுவைச் சில மாதங்களில் ஒழித்தார்கள். பெண் இலையான் பெரும்பாலும் ஒரு தடவைதான் கூடும். மலட்டு ஆணோடு கூடினால் முட்டை பொரியாது. அதே புழு 2024இல் மெக்சிக்கோவுக்குள் மீண்டும் வந்துவிட்டது.

இந்த இலையான் மனிதரையும் விடாது. படுக்கையிலிருக்கும் முதியவரின் புண்ணை மூடிக் கட்டி வையுங்கள். புழு கண்டால் வீட்டில் கிண்டாமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.