உறங்குவோர் அறியா நோய்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் வெண்ணிறக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பர். அவை உப்புக் குவியல்கள். கடலும் பக்கிங்காம் கால்வாயும் கழுவெளி ஏரியும் சூழ்ந்த அவ்வூரில் உப்பு விளைவித்தல் பழந்தொழில். சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர்.

உப்பளத் தொழில் வைகறைக்கு முன்பே தொடங்குவது. கதிரவன் மேலே ஏறிவிட்டால் உப்புப் பரப்பின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும், வெப்பமும் தாங்கற்கரியது. ஆதலின் இருள் பிரியுமுன்னரே தொழிலாளர் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பிற் சேர்ப்பர். இத்தொழிலினர்க்கு உறக்கம் குறுகியது. குறுகிய அவ்வுறக்கமும் நல்லுறக்கமாய் அமையாவிடின் உடல் என்னாகும்?

அத்தகைய அளம் ஒன்றிற் கணக்கெழுதும் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர், பருத்த கழுத்தினர். இரவு எட்டு மணிக்கே படுத்து மூன்று மணிக்கு எழுபவர். ஏழு மணி நேரம் உறங்குபவர். எனினும் எழும்போதே தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும். நண்பகலில் மூட்டைக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுதுகோல் தாளின்மேல் கோணற்கோடாக இழுத்துக்கொண்டு போகும். உடனிருப்போர் அவரைச் சோம்பர் என்று இகழ்வர். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில், இமைகள் மூடிய ஒரு நொடியில் வண்டி சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. எதிரே உப்பு ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"நேற்றிரவும் உங்களுக்கு மூச்சு நின்று போயிற்று; நான் தோளைத் தட்டி எழுப்பினேன்" என்று அவர் மனைவியார் கூறுவார். "நன்றாகத்தானே உறங்கினேன்! என் குறட்டையே அதற்குச் சான்று அன்றோ?" என்று அவர் நகைப்பார்.

கும்பகருணன் கதையைக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்குக் குறட்டை என்றாலே ஆழ்ந்த உறக்கம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. உண்மையோ பெரும்பாலும் இதற்கு மாறானது. காற்று தடையின்றிச் செல்லும் வழியில் ஓசை எழுவதில்லை. வழி குறுகும்போதுதான் மென்சதை அதிர்ந்து ஓசை எழும்புகின்றது. பலருக்குக் குறட்டை வெறும் ஓசையாகவே நின்றுவிடும். ஆனால் உரத்த குறட்டை திடீரென அடங்கி, சிறிது நேரம் ஒன்றும் கேளாதிருந்து, பின் திணறலோடு மீண்டும் எழுமாயின், அவ்விடை அமைதியே அஞ்சத்தக்கது. அப்போது அவர் மூச்சு விடவில்லை.

இதன் காரணத்தை உப்பளத்து வாய்க்காலைக் கொண்டே விளக்கலாம். வாய்க்காலின் கரை மண்ணால் ஆனது. நீர் நிரம்பியிருக்கும்வரை அந்நீரே இருபுறமும் அழுத்திக் கரையைத் தாங்கி நிற்கும். நீர் சட்டென வடிந்துவிட்டால் ஈரக் கரை தாங்குவாரின்றிச் சரிந்து வழியை அடைக்கும். தொண்டையும் அத்தகையது. அதன் சுவரில் எலும்பு இல்லை, தசையே உண்டு. விழித்திருக்கும்போது தசைகள் விறைத்து நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு மிகுந்தோர்க்கும், தாடை சிறுத்தோர்க்கும், நாக்குத் தடித்தோர்க்கும் தளர்ந்த சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மார்பு மூச்சை இழுக்க முயல்கின்றது, காற்றோ உட்புகுவதில்லை. இரத்தத்தில் உயிர்வளி குறைகின்றது. மூளை அதனை உணர்ந்து உடலைச் சில நொடிகள் எழுப்புகின்றது. தசைகள் விறைக்க, வழி திறக்க, திணறலோடு மூச்சு மீள்கின்றது. உடனே உறக்கம், மீண்டும் அடைப்பு. இவ்விழிப்புகளுள் ஒன்றேனும் காலையில் அவர் நினைவில் இராது.

மூச்சு பத்து நொடிக்குக் குறையாமல் நின்றால் அதனை ஒரு தடை என மருத்துவர் கணக்கிடுவர். மூச்சு முற்றும் நில்லாது மிகக் குறைந்துபோவதும் அக்கணக்கிற் சேரும். மணிக்கு ஐந்துக்குக் குறைவாயின் கவலையில்லை. முப்பதும் அதற்கு மேலும் ஆயின் நோய் கடுமையானது. நம் கணக்கருக்கு மணிக்கு முப்பது முறை என்று கொண்டால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை மூச்சு தடைப்படுகின்றது. இரவெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரைத் தட்டி எழுப்பிக்கொண்டேயிருந்தால், பகலில் அவர் எவ்வாறு விழித்திருப்பார்? அவரைச் சோம்பர் என்றவர்கள் இக்கணக்கைப் பார்த்தவரல்லர்.

இந்நோயை ஆங்கில மருத்துவர் 'ஸ்லீப் ஆப்னியா' என்பர். ஆப்னியா என்பது கிரேக்க மொழியில் மூச்சின்மையைக் குறிக்கும் சொல். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. 2022 பிப்ரவரி 15 இல் மும்பையில் மறைந்த இசையமைப்பாளர் பப்பி லாகிரிக்கு இந்நோய் இருந்தமையை அவர் மறைவின்போது மருத்துவர் அறிவித்தனர். அதன்பின்னரே நம் நாட்டில் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றனர். சிறுவர்க்கும் இது வருவதுண்டு. தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதை வீங்கியிருந்தால், பிள்ளைகள் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்குவர். வகுப்பில் தூங்கி விழும் மாணவர் எல்லாரும் பாடத்தை வெறுப்பவர் அல்லர் என்பதை ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்வரை, இந்நோய் முற்றியவர்க்கு மருத்துவர் செய்யக்கூடிய உறுதியான உதவி ஒன்றே. அது கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளைத்து வழி அமைத்தல். உயிர் பிழைக்கும்; ஆயினும் நாள்தோறும் கழுத்துத் துளையோடு வாழ வேண்டும். இந்நிலையில் 1980 இல் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் வேறொரு வழியை எண்ணினார். அவர் முன்னர்க் கனடா நாட்டில் நாய்களின் உறக்கத்தில் மூச்சு இயங்கும் முறையை ஆராய்ந்தவர். சரியும் சுவரைக் கத்தியால் அகற்றுவானேன்? காற்றையே தூணாக நிறுத்தினால் என்ன?

தூசியை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதச் செய்து, குழாய் வழியாக மூக்கின்மேல் பொருத்திய கவசத்துக்கு அவர் அனுப்பினார். கழுத்தைத் துளைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்த நோயாளர் ஒருவர் இச்சோதனைக்கு இசைந்தார். காற்றின் அழுத்தத்தை உயர்த்தியபோது மூச்சு ஒழுங்காக ஓடியது. தாழ்த்தியபோது மீண்டும் தடைப்பட்டது. அன்றிரவு அந்நோயாளர் நெடுநேரம் இடையறாது உறங்கினார். ஐந்து நோயாளரிடம் கண்ட பயனை 1981 ஏப்ரல் மாதத்து 'லான்செட்' மருத்துவ இதழில் சல்லிவனும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். முறிந்த கைக்கு மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுவதுபோல, தொண்டைக்குக் காற்றாலாகிய பத்தை இது என்பது அவர்கள் கருத்து.

அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் நான்கரை முதல் பத்து சென்டிமீட்டர் நீரழுத்தமே. ஒரு பாத்தியில் அரைச் சாண் உயரத்துக்கு நீரைத் தேக்கினால் அடித்தளம் தாங்கும் அழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. கத்தி செய்த வேலையை இவ்வளவு மெல்லிய காற்று செய்துவிட்டது வியப்பன்றோ? இன்று 'சிபாப்' என்று வழங்கும் கருவி இதன் வழிவந்ததே. அது தலைமாட்டில் வைக்கத்தக்க சிறு பெட்டி அளவினது.

முதலில் உறக்க ஆய்வு நடைபெறும். தலையிலும் மூக்கருகிலும் மார்பிலும் வயிற்றிலும் விரல் நுனியிலும் கம்பிகளைப் பொருத்தி, ஓரிரவு முழுதும் மூச்சையும் உயிர்வளியையும் பதிவுசெய்வர். பின்னர் அழுத்தம் இவ்வளவு எனத் துணிந்து கருவியைத் தருவர். கருவி வந்துவிட்டது, இனி நோய் தீர்ந்தது என்று நம் கணக்கர் எண்ணலாம். இடர்ப்பாடு அன்றுதான் தொடங்குகின்றது.

கவசத்தை அணிந்ததும் முகத்தை யாரோ பொத்திவிட்டாற்போன்ற அச்சம் எழும். எதிர்க்காற்றில் மூச்சை வெளிவிடுவது முதலில் கடினமாக இருக்கும். இதற்கு மருத்துவர் கூறும் வழி எளியது. பகலில், விழித்திருக்கும்போதே, செய்தித்தாள் படித்துக்கொண்டோ வானொலி கேட்டுக்கொண்டோ அரை மணி நேரம் அணிந்து பழகுதல் வேண்டும். குறைந்த அழுத்தத்திலே தொடங்கி மெல்ல மெல்ல உயரும் அமைப்பும் கருவியில் உண்டு. காற்றுக் கசிந்து கண்ணிற்பட்டால் பலரும் வாரை இறுக்குவர்; அது பிழை. அளவுமீறி இறுக்கினால் மூக்கின்மேல் புண்ணாகும், கசிவும் நில்லாது. முகத்துக்கேற்ற வேறு கவசத்தைக் கேட்டுப் பெறுதலே முறை. அடர்ந்த மீசையும் கசிவுக்கு இடந்தரும். மீசையின்மேல் பற்றுடையார்க்கு இஃது ஒரு சோதனையே.

மூக்கும் தொண்டையும் உலராதிருக்கக் காற்றை ஈரமாக்கும் நீர்க்கலம் ஒன்று கருவியோடு இணைந்திருக்கும். அதில் வாலைவடி நீரையே ஊற்றுதல் வேண்டும். கிணற்று நீர் உவர்க்கும் கடற்கரையூர்களில் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும். நீர் வற்றினால் அடியில் எது எஞ்சும் என்பதை மரக்காணத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கவசத்தை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரிற் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

நம் கணக்கர் நள்ளிரவுக்குப்பின் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "பாதி இரவு போட்டேனே, போதாதா?" என்பார். போதாது. கனவுகள் மிகுந்த உறக்கம் பின்னிரவிலேயே மிகுதியாக வரும். அப்போதுதான் தசைகள் மிகவும் தளரும். மூச்சுத்தடையும் பலருக்கு அந்நேரத்தில் மிகும். அவர் மறைத்தாலும் கருவி மறைக்காது. எத்தனை மணி நேரம் அணிந்தார் என்பதை அது பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டிவிடும். இக்கருவி நோயை வேரோடு களைவதன்று. கண்ணாடி அணிந்தவர்க்கு எழுத்துத் தெரியும், கழற்றினால் மங்கும், இதுவும் அவ்வாறே. உடல் எடையைக் குறைத்தலும், மதுவை விலக்கலும், ஒருக்களித்துப் படுத்தலும் துணைசெய்யும்.

விலை ஒரு பெருந்தடையே. கருவி பல்லாயிரம் ரூபாய் பெறும். கணக்கர் எவ்வாறேனும் வாங்கிவிடுவார்; அவரருகே கூடை சுமக்கும் கூலித் தொழிலாளி வாங்க முடியுமா? அவருக்கும் தொண்டை அதே தசையால் ஆனதுதான்.

மின்சாரத்தையும் நினைக்கவேண்டும். 2024 நவம்பர் 30 இல் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது மரக்காணப் பகுதியிலும் பெருமழை கொட்டியது. அத்தகைய நாளில் கம்பங்கள் சாய்ந்து விளக்கு அணைந்தால் கருவியும் நின்றுவிடும். கடற்கரையில் வாழ்வோர் இதற்கென மின்கலம் ஒன்றை முன்னரே வாங்கி வைத்திருத்தல் நன்று. அஃதில்லாதவர் அவ்விரவில் தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பர்.

சில வாரங்கள் கழிந்தன. கணக்கேட்டில் கோணற்கோடுகள் குறைந்தன. கருவி, தொலைவிற் கேட்கும் கடலைப்போல மெல்ல இரைந்துகொண்டிருக்க, அவர் அசையாது உறங்கலானார். இருபது ஆண்டுகளாகக் குறட்டை ஓசை நின்றதும் பதறி எழுந்து பழகியவர் அவர் மனைவியார். அவ்வமைதியில் அவருக்கு உறக்கம் வரவில்லை. இருளில் கையை நீட்டிக் கணவர் மார்பின்மேல் வைத்து, அது ஏறி இறங்குவதை அறிந்தபின்னரே கண்ணை மூடினார்.