வெட்டிவேர்த் தைலமும் வேரினுள் வாழும் பாக்டீரியாக்களும்

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் வேர்களில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன என்பது குடியானவர்கள் பலரும் அறிந்ததே. இவ்வாறு முடிச்சு எதுவும் உண்டாக்காமல், வெளிப்பார்வைக்கு யாதோர் அடையாளமுமின்றி, வேர், தண்டு, இலை ஆகியவற்றின் உட்புறத்தில் வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. இவை செடிக்கு நோய் விளைவிப்பதில்லை. மருந்துச் செடிகளிலோ, மருந்துச் சத்தின் அளவையும் தன்மையையும் இவை மாற்றவல்லவை. இதற்குத் தக்க உதாரணம் வெட்டிவேர்.

வேரும் தைலமும்

வெட்டிவேர் புல்லினத்தைச் சேர்ந்தது. கடலூர் மாவட்டத்துக் கடற்கரையோர மணற்பூமிகளில் இது சாகுபடியாகிறது. தாகத்தையும் உடற்சூட்டையும் தணிக்கும் பொருளாக வைத்தியர்கள் இதனைக் கையாளுவர். கோடையில் குடிநீர்ப் பானையில் இதனை இடுவதும் பழைய வழக்கம். வேரை நீராவியில் வடித்தால் தைலம் கிடைக்கும். அத்தைலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்துள்ளன. அவை ஒன்றுக்கொன்று எந்த அளவில் அமைந்துள்ளனவோ அதற்குத் தக்கபடியே மணமும் குணமும் அமையும். ஆகவே, ஏக்கருக்கு எத்தனை மணங்கு வேர் கண்டது என்பது மட்டும் கணக்கன்று. அவ்வேரினுள் என்ன தைலம் உள்ளது என்பதும் கணக்கேயாகும்.

ஆராய்ச்சியிற் கண்டது

2004-ம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஆடம்ஸும் அவருடன் உழைத்தோரும், நுண்ணுயிர்கள் நீக்கப்பட்ட வெட்டிவேர்ச் செடிகளின் தைலத்தைச் சாதாரணச் செடிகளின் தைலத்தோடு ஒப்பிட்டனர். நுண்ணுயிர் நீங்கிய செடிகளின் தைலம் பெரிதும் வேறுபட்ட சேர்க்கையுடையதாயிருந்தது.

2008-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து விஞ்ஞானிகள் இதன் காரணத்தை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். வேரின் புறணியில், தைலம் உண்டாகும் அணுவறைகளுக்குள்ளும், தைலத்தை ஒட்டிய இடைவெளிகளிலும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதை அவர்கள் கண்டனர். அவற்றைப் பிரித்தெடுத்துத் தைலப் பொருள்களையே உணவாக அளித்தபோது, பெரும்பாலானவை அவ்வுணவிலேயே வளர்ந்தன. அன்றியும், அப்பொருள்களை மாற்றி, கடைத் தைலத்தில் வழக்கமாகக் காணப்படும் பல பொருள்களை வெளியிட்டன. வேறு சில, தைலம் உண்டாக்குவதற்கு வேண்டிய நொதியைச் செடி தானே உற்பத்தி செய்யுமாறு அதனைத் தூண்டின.

பசு பாலைத் தருகிறது. உறை அதனைத் தயிராக்குகிறது. அதுபோலவே செடி தைலத்தை உண்டாக்க, பாக்டீரியாக்கள் அதனை மாற்றியமைக்கின்றன என்று இதனை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். எனினும் வேறுபாடு முழுவதையும் பாக்டீரியாக்கள்மேல் ஏற்றுவது பொருந்தாது. கண்ணாடிக் குழாயில் வளர்த்த செடிக்கு உணவு, வயது, மண் ஆகிய யாவும் வேறுபடுமன்றோ?

நித்தியகல்யாணியில்

வெட்டிவேருக்கு மட்டும் இத்தன்மை உரியதன்று. புற்றுநோய்க்கு மருந்தாகும் சத்துக்களையுடைய நித்தியகல்யாணிச் செடியினுள் வாழும் சில பாக்டீரியாக்களை, லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணச் செடி ஆராய்ச்சி நிலையத்தார் பிரித்தெடுத்து, அச்செடிகளுக்கே மீண்டும் இட்டுச் சோதித்தனர். 2013-ல் வெளியான அம்முடிவுகளின்படி, இலையிலுள்ள விண்டோலின் என்னும் சத்து அதிகரித்தது. வின்பிளாஸ்டின் என்னும் மருந்து உண்டாவதற்கு விண்டோலின் மூலப்பொருள்களுள் ஒன்றாகும்.

கவனிக்க வேண்டியவை

1. வெட்டிவேர் தூரிலிருந்து பிரித்த கன்றுகளால் பயிராவது. கன்றின் வழியே தாய்த்தூரின் குணமும், அதனுள் வாழும் நுண்ணுயிர்களும் புது வயலுக்குச் செல்லும். ஆகவே வேரின் மணமும் தைலமும் நன்றாயுள்ள தூர்களை அறுவடைக் காலத்திலேயே அடையாளமிட்டு, அவற்றினின்றே நடவுக் கன்று எடுத்தல் நலம்.

2. பாக்டீரியாக்கள் மிகுந்தால் தைலமும் மிகும் என்று கொள்ளலாகாது. தைலத்தையே உணவாகக் கொள்பவையும் அவற்றுள் உள்ளன. எந்த நுண்ணுயிர் என்பதே முக்கியம்.

3. செடியின் மருந்துச் சத்தைப் பெருக்கும் என்று விற்கப்படும் நுண்ணுயிர்ப் பொடியையோ திரவத்தையோ வயல் முழுவதும் ஒரே தடவையில் இடுவது விவேகமாகாது. ஒரே மண்ணும் ஒரே பாசனமும் உள்ள இரு பாத்திகளை ஒதுக்கி, ஒன்றில் மட்டும் இட வேண்டும். ஒரே நாளில் வேரெடுத்து, உலர்த்தி, சம எடை வேரைத் தனித்தனியே வடித்துத் தைலத்தை அளக்க வேண்டும். மறு வருஷமும் அதே பலன் கண்டால் மாத்திரமே விஸ்தரிக்கலாம்.

4. வெட்டியெடுத்த வேரை ஈரத்தோடு குவித்து வைத்தல் தகாது. மண் போகக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

கிராம அதிகாரிகள், இவ்விதப் பொருள்களை விற்க வருவோரிடம், எந்த நுண்ணுயிர், எந்தப் பயிரில், எவ்விடத்தில் சோதிக்கப்பட்டது என்னும் மூன்று விவரங்களையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குமாறு குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது அவசியம். நித்தியகல்யாணியில் பலன் தந்தது வெட்டிவேரிலும் தரும் என்பதற்கு நியாயமில்லை. இவ்விவரங்களைத் தர இயலாதவரிடம் பணத்தை இழப்பதைக் காட்டிலும், நல்ல தூரைத் தேர்ந்து நடுவதே செலவு குறைந்ததும் நம்பத்தக்கதுமான வழியாகும்.